கில்மோரோட 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்': மதுரை செட்டுல அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எஸ்.எஸ். காலனி மொட்டமாடிக்கு பாட்டு கேக்க வர்ற தம்பிங்க எல்லாரும் ஒரே கேள்விகளத்தான் மாத்தி மாத்தி கேக்குறீங்க, பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆல்பம் பாதி ஓடிருது. அதான் மொத்தமா எழுதிட்டேன். இதுல உள்ள அபிப்ராயம் பூராம் என்னோடது, மத்த அண்ணன்மாரு ஒத்துக்க மாட்டாங்க, அது அவங்க பாடு.

யாருண்ணே இந்த கில்மோரு?

டேவிட் கில்மோர். பிங்க் ஃப்ளாய்ட் பேண்டோட கிட்டாரிஸ்ட், நிறைய பாட்டுல குரலும் அவருதுதான். 1946 மார்ச் 6 பொறந்தவரு, கேம்பிரிட்ஜ்காரரு. பேண்ட ஆரம்பிச்சது அவரு இல்ல, அப்ப பாடகரா இருந்த சிட் பாரெட் தடுமாற ஆரம்பிச்சப்ப 1967 கடைசில இவர உள்ள கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம் 1973ல 'த டார்க் சைட் ஆஃப் த மூன்', 1975ல 'விஷ் யூ வேர் ஹியர்', 1979ல 'த வால்'. இது எதுவுமே கேக்காம நேரா புது ஆல்பத்துக்கு வந்திருந்தாலும் தப்பில்ல, சொல்லப்போனா அப்படி வர்றவங்கதான் அத ஒழுங்கா கேக்குறாங்க.

புது ஆல்பம் புது ஆல்பம்னு சொல்றீங்களே, எப்ப வந்துச்சு?

'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்', 2024 செப்டம்பர் 6. இதோட சேத்து அவரு தனியா போட்ட ஸ்டுடியோ ஆல்பம் மொத்தமே அஞ்சுதான், 1978, 1984, 2006, 2015, 2024. 2010ல 'தி ஆர்ப்'ங்கிற எலெக்ட்ரானிக் குரூப்பு கூட சேந்து ஒண்ணு பண்ணாரு, அத கணக்குல சேக்கணுமா வேணாமான்னு ஒரு சண்ட இருக்கு, நான் சேக்கல. புது ஆல்பம் பிரிட்டன் சார்ட்ல நம்பர் ஒன் போச்சு, அதுக்கு முந்துன ரெண்டும் அப்படித்தான். 78 வயசுல நம்பர் ஒன். ரிட்டயர்டு கேஸுன்னு லந்து பண்ற ஆளுங்க இத மனசுல வச்சுக்கிட்டு லந்து பண்ணவும்.

நம்ம சீனியர் அண்ணன்மாருக்கே இவரோட சோலோ ஆல்பம் சரியா தெரியலையே, ஏன்?

கேசட்டுதான் காரணம். அப்பல்லாம் ரெக்கார்டிங் சென்டர்ல ஒரு வெத்து கேசட்ட குடுத்து லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டு வரணும், ரெண்டு நாள் கழிச்சு போனா பதிஞ்சு வச்சிருப்பாங்க. 90 நிமிஷ கேசட்டுன்னா ஒரு பக்கம் 45 நிமிஷம். டார்க் சைட் சுமார் 43 நிமிஷம், விஷ் யூ வேர் ஹியர் சுமார் 44, ரெண்டும் ரெண்டு பக்கத்துல அளவெடுத்து தச்ச மாதிரி உக்காந்துரும். த வால் டபுள் ஆல்பம், அதுவும் பக்கத்துக்கு ஒரு டிஸ்க்குன்னு ஒரே கேசட்டுல முடிஞ்சிரும். ஆக ரெண்டு கேசட்டு காசுல ஃப்ளாய்டே கைக்கு வந்திருச்சு, மூணாவது கேசட்டுக்கு காசு இருந்தா அத ராஜாவுக்கோ ரஹ்மானுக்கோதான் குடுப்பாங்க, கில்மோர் 1984ல தனியா என்ன பண்ணாருன்னு பாக்க யாரு காசு செலவழிப்பா. அந்த அண்ணன்மாரு பூராம் இன்னைக்கும் அவர ஃப்ளாய்டோட கிட்டாருன்னு மட்டுமே கேக்குறது அதனாலதான்னு நான் நெனைக்கிறேன்.

புது ஆல்பத்துல அப்படி என்ன புதுசு? அதே ஸ்லோ, அதே கிட்டார் சோலோ, அதே பெருமூச்சு.

செல்லூர் அண்ணன் சொல்றத அப்படியே ஒப்பிக்காதீங்க தம்பி. கேட்டுட்டு சொல்லுங்க.

இதுல புரொட்யூசர் சார்லி ஆண்ட்ரூ, ஆல்ட்-ஜே பேண்டுக்கு ஆல்பம் பண்ணவரு. அவருக்கு பிங்க் ஃப்ளாய்ட் மேல பெருசா பயபக்தி எல்லாம் கெடையாது, இங்க எதுக்கு சோலோ, எல்லாப் பாட்டும் ஏன் ஃபேட் அவுட் ஆகி, சத்தம் மெல்ல கொறைஞ்சே முடியணும்னு மொகத்துக்கு நேரா கேட்டாராம், அத கில்மோரே பேட்டில சிரிச்சுக்கிட்டு சொல்லிருக்காரு. அம்பது வருசமா ஒரு மனுசன சுத்தி ஆமா சாமி போடுற ஆளுங்களே நின்னுருப்பாங்க, அதுல ஒருத்தன் வந்து இது வேணாமேன்னு சொன்னது காதுலயே தெரியுது. டிரம்ஸ்ல ஸ்டீவ் காட் ஒரு பக்கம், ஆடம் பெட்ஸ் ஒரு பக்கம், பேஸ்ல பழைய ஆளு கை பிராட்டும் இருக்காரு, புது ஆளு டாம் ஹெர்பர்ட்டும் இருக்காரு. 'டார்க் அண்ட் வெல்வெட் நைட்ஸ்' போட்டுப் பாருங்க, தோள்ல துண்ட போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி ஒரு திமிரு இருக்கு. முந்துன ரெண்டு ஆல்பத்துல அந்த திமிரு கம்மி.

கடைசிப் பாட்டு 'ஸ்கேட்டர்டு' தனியா சொல்லணும். நடுவுல சத்தமெல்லாம் அடங்கி, அக்கூஸ்டிக் கிட்டார்ல சோலோ ஆரம்பிக்கும், விரல் கம்பில உரசுறது வரைக்கும் கேக்கும், மனுசன் ஏதோ தனியா ரூம்ல உக்காந்து வாசிக்கிறாருன்னு நீங்க நெனைக்கிறப்ப அங்கருந்து அப்படியே எலெக்ட்ரிக்குக்கு மாறி மேல ஏறும், ஆர்கெஸ்ட்ரா பின்னாடியே வரும். போன வாரம் இத போட்டப்ப கரெக்டா அந்த எடத்துல கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர்ல ஆம்ப்ளிஃபயர் கனெக்ஷன் இல்ல. பத்து பேரு சேந்து ஈ.பி.காரங்கள வைஞ்சது பக்கத்து தெரு வரைக்கும் கேட்டுச்சு.

டைட்டில் பாட்டுல செத்துப்போனவரு வாசிச்சிருக்காருன்னு சொல்றாங்களே, ஏ.ஐ. வேலையா?

இல்லவே இல்ல. அது நெஜமான வாசிப்பு. 2007ல கில்மோர் வீட்டு பண்ணைக் கொட்டாய்ல, ஆமா பார்ன்னு சொல்ற அந்த தானியக் கொட்டாய்ல, ஃப்ளாய்டோட கீபோர்டுகாரரு ரிச்சர்ட் ரைட் (ரிக்னு கூப்பிடுவாங்க), கை பிராட், டிரம்ஸ்ல ஸ்டீவ் டிஸ்டானிஸ்லாவ் எல்லாம் சும்மா கூடி வாசிச்சத டேப்ல போட்டு வச்சிருந்தாங்க. 2008 செப்டம்பர் 15 ரைட் கேன்சர்ல எறந்துட்டாரு. பல வருசம் கழிச்சு அந்த டேப்ப எடுத்து, அது மேல பாட்டு கட்டி, அதான் 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' டைட்டில் ட்ராக். போனஸா அந்த ஒரிஜினல் ஜாமும் இருக்கு, பதிமூணு நிமிஷத்துக்கு மேல ஓடும், ஒரே ரிஃப்ப நாலு பேரு உருட்டிக்கிட்டே இருப்பாங்க, யாருக்கும் எங்கயும் போய்ச் சேர அவசரமே இல்ல. எனக்கு கேட்டா முடிச்சு வந்த பாட்ட விட அந்த ஜாம்தான் ஒசத்தி. இத மொட்டமாடில சொன்னதுக்கு என்ன பாத்த பார்வ இருக்கே.

வாட்டர்ஸ் இல்லாம இவரு என்னத்த பண்ணிட முடியும்?

இந்த ஒரு கேள்விதான் ஊர்ப்பட்ட கேள்வி. வாட்டர்ஸ்னா ரோஜர் வாட்டர்ஸ், ஃப்ளாய்டோட பேஸ்காரரு, வரி பெரும்பாலும் எழுதுனவரு, பின்னாடி பேண்ட விட்டுப் போனவரு. நம்ம செட்டுல வாட்டர்ஸ் கட்சின்னா செல்லூர் அண்ணன், கில்மோர் கட்சின்னா நரிமேட்டு அண்ணன். செல்லூர் அண்ணன் வாதம், வாட்டர்ஸ்கிட்ட சொல்றதுக்கு விசயம் இருக்கு, கோவம் இருக்கு, 1992ல 'அம்யூஸ்டு டு டெத்'ல கிட்டாரிஸ்ட் ஜெஃப் பெக்க வாசிக்க வச்சு ஜெயிச்சு காட்டிட்டாரு, கில்மோருக்கு சத்தம் மட்டும்தான் இருக்கு. நரிமேட்டு அண்ணன் பதிலுக்கு, அந்த மனுசன் 2023ல டார்க் சைட்ட கிட்டார் சோலோவே இல்லாம திரும்ப ரெக்கார்ட் பண்ணி 'ரிடக்ஸ்'னு விட்டாரே அத ஒரு தடவையாவது முழுசா கேட்டியாய்யாம்பாரு. அதுக்குள்ள ஆறு டீ போயிரும்.

ரெண்டு பேரும் தப்பான ஆளத் தேடுறாங்கங்கிறதுதான் என் கட்சி. கில்மோரோட தனி ஆல்பங்கள வரிசையா கேட்டா, அவருக்கு இல்லாம போன ஆளு வாட்டர்ஸ் இல்ல, ரிக் ரைட்.

அட, அந்த கீபோர்டுகாரரா?

அந்த கீபோர்டுகாரருதான். டார்க் சைட்ல 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'யோட பியானோ யாரோடது, 'அஸ் அண்ட் தெம்'மோட மெட்டு யாரோடது, எல்லாம் ரைட். த வால் ரெக்கார்டிங் சமயத்துல வாட்டர்ஸ் அவர பேண்ட விட்டே வெளிய அனுப்பிட்டாரு, அப்பறம் 1980-81 வால் கச்சேரிகளுக்கு சம்பளத்துக்கு வந்து வாசிச்சுட்டுப் போனாரு. அந்த கச்சேரி செலவு கையக் கடிச்சு மத்த மூணு பேருக்கும் நட்டம், சம்பளம் வாங்குன ரைட் ஒருத்தருக்குத்தான் லாபம். இத விட பெரிய தமாசு ராக் வரலாத்துல இல்ல.

இப்ப கில்மோர் பக்கம் வாங்க. 2006 டூர்ல ரைட்டு கூடவே போறாரு. அந்த வருசம் ஆகஸ்ட் 26 போலந்துல க்டான்ஸ்க் கப்பல் கட்டுற தளத்துல, சாலிடாரிட்டி தொழிலாளர் இயக்கம் பொறந்த எடத்துல, ஆர்கெஸ்ட்ராவோட ஒரு கச்சேரி. அந்த ரெக்கார்டிங் ஆல்பமா வெளிய வந்தது 2008 செப்டம்பர் 22, ரைட் எறந்து சரியா ஒரு வாரம். அடுத்த ஆல்பத்துல, 2015ல, 'எ போட் லைஸ் வெய்ட்டிங்'னு ஒரு பாட்டு, பூராம் ரைட்டப் பத்தி, ரைட்டோட பேச்சுக் குரலையும் அதுல வச்சிருக்காரு, அவருக்கு பாய்மரப் படகுன்னா உசுரு, அதான் அந்த பேரு. 2024ல டைட்டில் பாட்டுலயே அவரு வாசிச்ச கீபோர்டு. நடுவுல 2014ல ஃப்ளாய்ட் பேருல வந்த 'தி எண்ட்லெஸ் ரிவர்', அதுவும் 1993ல ரைட்டோட வாசிச்ச மிச்ச டேப்புலருந்து எடுத்ததுதான். வாட்டர்ஸுக்கு இதுல எங்க எடம் இருக்கு சொல்லுங்க.

அப்ப 'எக்கோஸ்' ஏன் கச்சேரில வாசிக்க மாட்டேங்குறாரு? எத்தன பேரு கேக்குறோம்.

இதே காரணம். 1971 'மெடில்' ஆல்பத்துல ஒரு பக்கம் முழுக்க, 23 நிமிஷத்துக்கு மேல ஓடுற பாட்டு, கில்மோரும் ரைட்டும் சேந்து ஒரே மூச்சுல பாடுறது, நடுவுல ரெண்டு பேரும் கிட்டாரும் கீபோர்டுமா பேசிக்கிறது, அதான் பாட்டே. ரைட் போனப்புறம் அத வாசிக்க மாட்டேன்னுட்டாரு. 2016ல இத்தாலியில இருக்குற பாம்பேய்ல, 1971ல ஆளே இல்லாத அரங்கத்துல ஃப்ளாய்ட் 'எக்கோஸ்' வாசிச்சு படம் எடுத்த அதே எடத்துல, ஜனங்க முன்னாடி கச்சேரி பண்ணாரு, அங்க கூட வாசிக்கல. விடுங்க, க்டான்ஸ்க் ரெக்கார்டிங் இருக்கு, அத கேளுங்க.

மகளப் பாட வச்சிருக்காரு, வாரிசு அரசியல் இல்லையா இது?

வாரிசுதான், யாரு இல்லன்னது. பாட்டு நல்லாருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க. 'பிட்வீன் டூ பாயிண்ட்ஸ்' 1999ல மாண்ட்கோல்ஃபியர் பிரதர்ஸ்னு ஒரு இங்கிலீஷ் ஜோடி பாடுனது, பெருசா யாருக்கும் தெரியாத பாட்டு. அத ரோமனி கில்மோர் பாடி, ஹார்ப்பும் அவங்களே வாசிச்சிருக்காங்க. 2020 லாக்டவுன்ல குடும்பமா வீட்டுலருந்து லைவ் போட்டாங்கல்ல, அங்கருந்து வந்த பழக்கம். மேடைக்குன்னு மெருகேத்தாத குரல், அதட்டாது, இழுக்காது, தோத்துப்போன ஒருத்தன் பாடுற வரிகளுக்கு அது கரெக்டா ஒட்டுது. கடைசில அப்பா கிட்டார எடுத்துக்கிட்டு வர்றாரு, வந்த வரைக்கும் லாபம். ஆல்பத்துல முதல்ல மனசுல நிக்கிற பாட்டு நிறைய பேருக்கு இதுதான், வாட்டர்ஸ் கட்சி உள்பட.

வரியெல்லாம் அவரு சம்சாரம் எழுதுறதாமே?

ஆமா, பாலி சாம்சன், நாவலாசிரியர். 1994 'த டிவிஷன் பெல்'லருந்து எழுதுறாங்க. இதுல பெரும்பாலும் வயசாகுறது, சாவு, கூட இருக்குறவங்க. சில எடத்துல வரி கொஞ்சம் ஜாஸ்தியா அழகு காட்டுது, எனக்கே அது உறுத்தும். ஆனா எண்பதத் தொடப்போற மனுசன் பாடுறப்ப அந்த வரிகளுக்கு ஒரு கனம் வந்துருது.

"1973க்கு அப்புறம் நான் பண்ணதுலயே இதான் பெஸ்ட்"னு அவரே சொன்னாராமே, ஓவரா இல்ல?

அந்த அர்த்தத்துல பேசுனாரு, உண்மைதான். ஓவருதான். விஷ் யூ வேர் ஹியர் இருக்கு, 'அனிமல்ஸ்' இருக்கு, இது அந்த லைன்ல நிக்காது. புதுப் புள்ளய தூக்கிக் கொஞ்சுற சந்தோசத்துல யாரும் அப்படித்தான் பேசுவாங்க. ஆனா அவரோட அஞ்சு தனி ஆல்பத்துல இது மொதல் எடமா ரெண்டாம் எடமான்னா அங்க நான் அவரு பக்கம். மொதல் எடம்.

சரிண்ணே, பழச கேக்கணும்னா எதுல ஆரம்பிக்க?

2006 'ஆன் அன் ஐலண்ட்'. கண்ண மூடிட்டு. அவரோட அறுவதாவது பொறந்த நாளன்னைக்கு ரிலீஸ் பண்ணாரு. டைட்டில் பாட்டுல டேவிட் கிராஸ்பியும் கிரஹாம் நாஷும் கூட பாடுறாங்க, ஆர்கெஸ்ட்ரா அமைச்சது போலந்துக்காரரு பிரைஸ்னர், ஒரு பாட்டுல கில்மோர் சாக்ஸஃபோன் கூட வாசிச்சிருப்பாரு. மெதுவாத்தான் போகும். தூங்குற ஆல்பம்னு ஒரு பேரு உண்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல கேட்டா அது குத்தமா தெரியாது, மத்தியானம் வெயில்ல கேட்டா நிச்சயமா தூக்கம் வரும்.

அடுத்து 1978 மொத ஆல்பம், அவரு பேரே தலைப்பு. பிரான்ஸ்ல சூப்பர் பேர் ஸ்டுடியோல, ஃப்ளாய்டுக்கு முந்தி கூட வாசிச்ச பழைய கூட்டாளிங்க ரிக் வில்ஸ், வில்லி வில்சன் ரெண்டு பேர வச்சு பண்ணது. மூணு பேரு ஒரு ரூம்ல வாசிக்கிற சத்தம், பூச்சு கெடையாது. இந்த சமயத்துல போட்டு மிச்சம் விழுந்த ஒரு மெட்டுதான் பின்னாடி 'த வால்'ல வர்ற 'கம்ஃபர்டப்ளி நம்ப்' ஆச்சு, யோசிச்சுப் பாருங்க, மிச்சம்! இதே வருசம் இதே ஸ்டுடியோல ரைட்டும் 'வெட் ட்ரீம்'னு தன்னோட ஆல்பத்த ரெக்கார்ட் பண்ணாரு, ரெண்டையும் அடுத்தடுத்து போட்டா நான் சொல்ற கட்சி புரியும்.

1984 'அபவுட் ஃபேஸ்' கடைசியா வச்சுக்கோங்க. ஜெஃப் போர்கரோ டிரம்ஸ், பினோ பல்லடினோ பேஸ், ஜான் லார்டு கீபோர்டு, ரெண்டு பாட்டுக்கு வரி பீட் டவுன்ஷெண்ட், இம்புட்டு ஆளு இருந்தும் எண்பதுகளோட மினுமினுப்பு மேல அப்பிருக்கு. 'மர்டர்' மட்டும் தனி, ஜான் லென்னன் கொலைய வச்சு எழுதுனது.

2015 'ராட்டில் தட் லாக்' எனக்கு பாதிதான் பிடிக்கும். ஆனா டைட்டில் பாட்டு வந்த கதை ஜோரு. பிரான்ஸ் ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்புக்கு முன்னாடி வர்ற நாலு சுர ஜிங்கிள், அத பிளாட்பாரத்துல நின்னு போன்ல ரெக்கார்ட் பண்ணி அது மேல பாட்ட கட்டிட்டாரு, ஜிங்கிள் போட்ட மிகாயல் பூமெண்டிலுக்கும் பேரு குடுத்துட்டாரு. மதுரை ஜங்ஷன்ல நின்னுக்கிட்டு "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ல நமக்கு எதுவும் தோண மாட்டேங்குது பாருங்க.

அவரு கிட்டார்ல அப்படி என்னதான் இருக்கு? ஸ்பீடே இல்லையே.

ஸ்பீடு இல்லதான். கம்பிய ஒரு எடத்துல அழுத்தி, அங்கருந்து பக்கவாட்டுல தள்ளி சுரத்த மேல ஏத்துறாரு, ஏத்துன எடத்துல நிறுத்தி அசைக்கிறாரு, சில எடத்துல ரெண்டு ரெண்டரை டோன் வரைக்கும் போவாரு. நாகஸ்வரம் கேட்டு வளந்த ஊர்க்காரனுக்கு இத தனியா வெளக்க வேண்டியதில்ல. நம்ம ஊரு சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள் 'தில்லானா மோகனாம்பாள்'ல ஊதுனதக் கேட்டிருப்பீங்க, சுரத்துல வந்து உக்காராம, அத நோக்கி வர்ற வழிய காட்டுவாங்க. வழி அங்க மூச்சுலயும் துளைல விரல் வைக்கிற விதத்துலயும் இருக்கு, இங்க கம்பில இருக்கு. நான் இத சொன்னா வெஸ்டர்ன் மட்டும் கேக்குற பசங்க முழிக்கிறாங்க, ராஜா கேக்குறவங்க ஒடனே தலையாட்டுறாங்க.

அவரோட அந்த கருப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரத்தான் வித்துட்டாரே?

2019ல கிறிஸ்டீஸ் ஏலத்துல, 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு. அது கூட நூத்துக்கும் மேல கிட்டார். பணம் பூராம் பருவநிலை வழக்கு நடத்துற கிளையண்ட்எர்த் அமைப்புக்கு. புது ஆல்பத்துல அந்த கிட்டார் இல்ல, சத்தத்துல எதாவது கொறையுதான்னு கண்ண மூடி கேட்டு சொல்லுங்க, பந்தயம் ஒரு ஜிகர்தண்டா.

கச்சேரிக்கு இந்தியா வருவாரா?

வாட்டர்ஸ் 2002ல பெங்களூருக்கும் 2007ல மும்பைக்கும் வந்துட்டுப் போனாரு. கில்மோரு 2024 டூர்ல வார்ம்-அப்புக்கு பிரைட்டன் போக ரோம், லண்டன், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஏரியா தவிர எங்கயும் நகரல. வர்றதா இருந்தா நாங்களே கைல லெட்டர் எழுதுவோம். அது வரைக்கும் ரோம் சர்க்கோ மாசிமோ கச்சேரிய படமா எடுத்து விட்டிருக்காரு, அதுல 'கிரேட் கிக் இன் த ஸ்கை'ய பியானோவ சுத்தி பொண்ணுங்க நின்னு பாடுறத கண்டிப்பா பாருங்க, அந்த பியானோ முன்னாடி யாரு உக்காந்திருக்கணும்னு உங்களுக்கு இப்ப தெரியும்ல.

எதுல கேக்குறது? போன் ஸ்பீக்கர் போதுமா?

போதாது. ஹெட்போன் ஓகே.

அடுத்த ஆல்பம் வருமா?

சீக்கிரமே ஸ்டுடியோவுக்குத் திரும்பணும்னு பேட்டில சொல்லிருக்காரு, அவரு "சீக்கிரம்"னு சொன்னா போன தடவ ஒம்பது வருசம். 2025 அக்டோபர்ல இந்த டூரோட லைவ் ஆல்பம் ஒண்ணு வந்துருச்சு, அதான் வர்ற ஞாயித்துக்கிழமைக்கு. ஆறரைக்கு ஆரம்பிச்சிருவோம், செல்லூர் அண்ணன் 'ரிடக்ஸ்' கொண்டாறேன்னு மெரட்டிருக்காரு, வெரசா வந்து மொத எடத்த பிடிச்சிருங்க. ஆம்ப்ளிஃபயர இன்வெர்ட்டர்ல போட எலக்ட்ரிசியன்கிட்ட சொல்லியாச்சு.